தெரியாது என்று சொல்லாத நோடு

அலுவலகத்தில் அவனுக்குப் பெட்டகம் என்று பேர். யாரும் வைத்ததல்ல, அவனாகத் தேடிக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதிலிருந்தே யார் என்ன கேட்டாலும் "எல்லாம் பத்திரமா பெட்டகத்துல இருக்கு" என்று மேசையைத் தட்டிச் சொல்வான். தட்டித் தட்டி அந்தப் பேர் அவன்மேலேயே ஒட்டிக்கொண்டது. பட்டப்பேர் சொல்லிக் கூப்பிட்டால் மற்றவர்களுக்கு மூக்குமேல் கோபம் வரும். இவனுக்கு நடையில் ஒரு மிடுக்கு வரும். அப்படிப்பட்ட ஆள்.

அவன் பார்க்கும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவன் பட்ட அவமானம் விளங்காது. பிளாக்செயின் என்பது பலருக்கும் பொதுவான ஒரு கணக்கு. உலகம் முழுக்க ஏகப்பட்ட கணினிகள் அதன் நகலை வைத்திருக்கும். பிளாக் பிளாக்காக, அதாவது பக்கம் பக்கமாக, அது வளர்ந்துகொண்டே போகும். ஒருமுறை எழுதியதை யாரும் அழிக்க முடியாது. அப்படி நகல் வைத்திருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் நோடு என்று பேர். ஆனால் சாதாரண நோடு இன்றைய நிலவரத்தைத்தான் கையில் வைத்திருக்கும். இப்போது யாரிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால் டக்கென்று சொல்லும். போன வருஷம் இன்ன நாளில் யாரிடம் என்ன இருந்தது என்று கேட்டால் கையை விரித்துவிடும். இடம் போதாது என்று பழைய நிலவரத்தை அவ்வப்போது கழித்துவிடுவது அதன் வழக்கம். எதையுமே கழிக்காமல், முதல் பிளாக்கிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் நிலவரம் எப்படி இருந்தது என்று வைத்திருப்பது ஆர்க்கைவ் நோடு. அதை நிறுவிக் கட்டிக்காப்பதுதான் பெட்டகத்தின் உத்தியோகம். பழைய நாளைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவன் கம்பெனியின் ஆர்க்கைவ் நோடைக் கேட்கலாம், பதில் வரும்.

கம்பெனி ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கைத் துளைக்கும். உள்ளே கண்ணாடி அறைக்குள் இயந்திரங்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அங்கே குளிர் தாங்காது என்பதால் கதவுக்குப் பின்னால் ஆணியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஸ்வெட்டர் தொங்கும். அது கடைசியாக எப்போது துவைக்கப்பட்டது என்ற கேள்விக்கு மட்டும் அங்கே எந்த நோடிலும் பதில் கிடையாது. எதிர்ச்சுவரில் பெரிய திரை ஒன்று. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அதில் ஒரு விளக்கு. பச்சை என்றால் சுகம், சிவப்பு என்றால் வம்பு. பெட்டகத்தின் ஆர்க்கைவ் நோடு வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த விளக்கு ஒரு தடவைகூடச் சிவந்ததில்லை. வெளியிலிருந்து யாராவது வந்தால் மேடம், அதாவது கம்பெனியை நடத்துகிறவர், அந்தத் திரையின் முன்னால்தான் முதலில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவார்.

பெட்டகத்துக்கு ஒரே ஒரு அக்கா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். நர்ஸுகள் சங்கத்தின் செயலாளரும் அவள்தான். சங்கத் தேர்தலைப் பெட்டி வைத்து நடத்துவதைப் பார்த்துச் சிரித்து, பிளாக்செயினுக்கு மாற்றச் சொல்லி யோசனை கொடுத்தவன் இந்தத் தம்பிதான். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் போனில் ஒரு கணக்கு, அதில் உறுப்பினர் அட்டை மாதிரி ஒரு டோக்கன் இருக்கும். தேர்தல் நாளன்று யார் கணக்கில் டோக்கன் இருக்கிறதோ அவர்கள் ஓட்டுத்தான் செல்லும். அக்காவுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. எதைத் தொட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "பச்சையா இருக்கறத அமுக்குக்கா" என்பான். வீட்டில் யார் என்ன சந்தேகம் கேட்டாலும் அவன் சொல்லும் ஒரே பதில் அது.

போன வருஷத் தேர்தலில் அக்கா ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். ஜெயித்த கையோடு நிர்வாகத்திடம் மல்லுக்கட்டி, தொடர்ந்தாற்போல் இரவு டியூட்டி போடுவதை நிறுத்தவைத்தாள். அதில் இரவுப் படிக்காசு குறைந்துபோன சிலருக்கு அவள்மேல் எரிச்சல். அவர்களில் முக்கியமானவர் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ஒருவர், அவளிடம் தோற்றவர். வருஷம் ஒன்று ஓடிய பிறகு திடீரென்று, "செயலாளர் போட்ட ஓட்டே செல்லுமான்னு பாருங்க" என்று மனு கொடுத்தார். தேர்தலைச் சரிபார்க்கும் பொறுப்பிலிருந்த மருந்தாளுநர், தேர்தல் நாளில் அக்கா ஓட்டுப் போட்ட கணக்கில் டோக்கன் இருந்ததா என்று பெட்டகத்தின் கம்பெனி ஆர்க்கைவ் நோடைக் கேட்டார். பூஜ்யம் என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் பெட்டகம் அக்கா வீட்டுக்குப் போனான். அவள் டியூட்டி முடிந்து வந்து, ஒரு டப்பில் வெந்நீர் ஊற்றி அதில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் பால்கனியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்க கம்பெனி மெஷின்தானாமே?" என்றாள் அக்கா. "நான் உறுப்பினரே இல்லையாம். கள்ள ஓட்டு போட்டேனாம். வார்டுல மூஞ்சில முழிக்க முடியலைடா."

"இரு, நானே பாக்கறேன்" என்று லேப்டாப்பைத் திறந்தான். அக்கா ஓட்டுப் போட்ட கணக்கின் எண்ணைப் போட்டான். தேர்தல் நாளின் பிளாக்கைப் போட்டான். பூஜ்யம். இன்னொரு தடவை போட்டான். பூஜ்யம்தான்.

"என்ன சொல்லுது?"

"அதேதான்கா." திரையை அவள் பக்கம் திருப்பினான். "இதுல தப்பு வர வாய்ப்பே இல்லை. அது சொன்னா சொன்னதுதான்."

"அப்ப தப்பு என்கிட்டயா?"

"நான் அப்படிச் சொல்லலை." பிறகு அவன் குரலைத் தணித்துக்கொண்டு, ரொம்பப் பெருந்தன்மையாக ஒன்று சொன்னான். பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல அவனுக்கு இருந்தது இதற்காகத்தான். "ஏதாவது தப்பு நடந்திருந்தா சொல்லிடுக்கா. நான் பார்த்துக்கறேன்."

பால்கனியில் அத்தானின் கை துணிமேல் அப்படியே நின்றது. இவன் இன்னும் ஏதோ சொல்லப்போகிறான், அதைக் கேட்டுவிட்டுப் பேசலாம் என்பதுபோல் அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் லேப்டாப்பை மூடினான். அவள் கால்களை எடுத்துத் துண்டால் துடைத்தாள். "சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

மறுநாள் அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. அக்காவுக்குச் சாதகமாக எதையாவது தோண்டி எடுத்துக் கொடுத்துவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தான். தப்பு அவள்மேல்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் தெரியாமல் செய்த தப்பாகவாவது அது இருந்துவிட வேண்டும். பெருந்தன்மை இன்னும் வடியவில்லை என்று அர்த்தம்.

அக்காவின் பழைய போன் ஒருநாள் தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்துப்போனது. புதுப் போன் வாங்கியதும், பழைய கணக்கிலிருந்த டோக்கனைச் சங்கத்தில் புதுக் கணக்குக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்கள். இப்படிக் கைமாறிய பதிவை எந்த நோடும் கழிப்பதில்லை, சாதாரண நோடிலும் அது இருக்கும். எப்போது மாற்றினார்கள் என்று தேடிப் பார்த்தான். தேர்தல் முடிந்து நாலு மாதம் கழித்து.

நாலு மாதம் கழித்துத்தான் எடுத்தார்கள் என்றால், தேர்தல் நாளில் டோக்கன் பழைய கணக்கில் இருந்திருக்க வேண்டும். ஒன்று என்று வர வேண்டிய இடத்தில் அவனுடைய நோடு பூஜ்யம் என்கிறது. என்ன தோன்றியதோ, அக்காவின் புதுக் கணக்கைப் போட்டு அதே தேர்தல் நாளைப் பற்றிக் கேட்டான். ஒன்று என்று வந்தது. அக்கா இன்னும் வாங்கவே வாங்காத போனில் அன்றைக்கே டோக்கன் இருந்ததாம்.

அது தேர்தல் நாள் நிலவரமே இல்லை. இன்றைய நிலவரம்.

அப்போதுதான், நோடை நிறுவும்போது தானே எழுதிவைத்த ஒரு நிரல் வரி ஞாபகம் வந்து தூக்கிவாரிப் போட்டது. ஆர்க்கைவ் நோடு ஒரே நாளில் நிரம்பிவிடாது. முதல் பிளாக்கிலிருந்து ஒவ்வொன்றையும் மறுபடி ஓட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். ஆனால் மேடம் வாடிக்கையாளர்களிடம் நாள் குறித்துச் சொல்லிவிட்டார். நாள் நெருங்கிவிட்டது, நோடு பாதி வழியில் இருந்தது. அது இன்னும் வந்து சேராத பகுதியைப் பற்றிக் கேள்வி வந்தால், பக்கத்திலிருந்த சாதாரண நோடுக்குத் திருப்பிவிட்டான். அந்த நோடு நேர்மையானது. "அந்த நாள் நிலவரம் என்னிடம் இல்லை" என்று பிழை காட்டியது. வேலைக்கு விடும் முன் ஆளில்லாத ராத்திரியில் சோதித்தபோது, ஒவ்வொரு பிழைக்கும் திரையில் விளக்கு சிவந்தது. சிவப்பைப் பார்த்தால் மேடம் எழுந்து வந்துவிடுவார். அதனால் பெட்டகம் ஒரு வரி எழுதிச் சேர்த்தான். பிழை வந்தால், கேள்வியிலிருந்து தேதியைக் கழற்றிவிட்டு மறுபடி கேள். தேதி இல்லாத கேள்விக்குச் சாதாரண நோடு இன்றைய நிலவரத்தைச் சொல்லும். அதையே பதிலாக அனுப்பிவிடு. விளக்கு பச்சையாகிவிட்டது. வரிக்கு மேலே "தற்காலிகம்" என்று ஒரு குறிப்பும் எழுதிவைத்தான். கொஞ்ச நாளைக்குத்தானே, அந்த இடைப்பட்ட காலத்தைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே ஒரு சப்பைக்கட்டு.

எழுதினான், மறந்தான். நோடு என்ன ஆயிற்று என்று இப்போது போய்ப் பார்த்தான். நடுவழியில் டிஸ்க் நிரம்பி, ஓட்டம் எப்போதோ நின்றுபோயிருந்தது. கிட்டத்தட்ட ஒரு வருஷமாக அது ஒரு பிளாக்கூட முன்னேறவில்லை. யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் விளக்கு பச்சை. நின்ற இடத்துக்கு அப்புறம் வந்த நாட்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் தேதி மட்டும் பழையது, பதில் இன்றையது. அந்த நாட்களில் ஒன்றுதான் சங்கத் தேர்தல்.

நல்ல மனிதனாக இருந்தால் உடனே எழுந்துபோய்ச் சொல்லியிருப்பான். பெட்டகம் கதவுக்குப் பின்னாலிருந்த ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டான். கண்ணாடி அறைக்குள் போய்ப் புது டிஸ்கைச் செருகினான். யாராவது கேட்டால் "சும்மா, இடம் கூட்டறேன்" என்றான். நின்ற இடத்திலிருந்து ஓட்டம் மறுபடி தொடங்கியது. அந்த வரியை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் திரை சிவந்துவிடும். நோடு தானாகத் தேர்தல் நாளைத் தாண்டட்டும், தாண்டிவிட்டால் சரியான பதில் தானாக வரும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம் என்று நினைத்தான். அந்த நாட்களில் வந்த கேள்விகளுக்கெல்லாம் தப்பான பதில்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெஞ்சு குறுகுறுக்காமல் இல்லை, குறுகுறுப்பை அடக்கிக்கொண்டு டீ குடித்தான்.

நோடு தேர்தல் நாளைத் தாண்டியது. கேட்டுப் பார்த்தான். பழைய கணக்கில் ஒன்று. புதுக் கணக்கில் பூஜ்யம். அப்பாடா என்று அக்காவுக்குப் போன் போட்டான்.

"மருந்தாளுநரை மறுபடி ஒரு தடவை பாக்கச் சொல்லுக்கா."

"எதுக்கு? அது சொன்னா சொன்னதுதான்னு சொன்னியே."

"சொல்லேன். இந்தத் தடவை வரும்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

வந்தது. ஒன்று என்றுதான் வந்தது. அதுதான் வினையாகவும் முடிந்தது. தியேட்டர் நர்ஸ் இரண்டு பதில்களின் ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டார். போன வாரம் பூஜ்யம், இந்த வாரம் ஒன்று. அழிக்கவே முடியாது என்று சொன்ன கணக்கு எப்படி மாறியது? அந்த நோடை வைத்திருக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பது யார்? செயலாளரின் கூடப்பிறந்த தம்பி. இதற்குமேல் அவர் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை, மிச்சத்தை மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். முதலில் கள்ள ஓட்டு என்று சந்தேகப்பட்டவர்கள் இப்போது தம்பியை வைத்துக் கணக்கையே திருத்தியவள் என்றார்கள். பொதுக்குழுவைக் கூட்டி அவளை நீக்குவது என்று நாளும் குறித்தாயிற்று.

அக்கா போன் செய்தாள். வார்டுக்குள்ளிருந்து பேசினாள், பின்னால் ஏதோ மானிட்டர் விட்டு விட்டுக் கூவிக்கொண்டிருந்தது.

"நீ ஏதாவது பண்ணினியா?"

சொல்லியிருக்கலாம். "இல்லைக்கா" என்றான்.

"பண்ணலைன்னா சரி" என்றாள் அவள்.

அன்றைக்கு வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மனைவி பார்த்தாள், என்னவென்று கேட்டாள். அவன் முழுக்கக் கொட்டித் தீர்த்தான். டிஸ்க், பிழை, தற்காலிகம், பச்சை விளக்கு, எல்லாம்.

"நீங்க சொன்னதுல பாதி எனக்குப் புரியலை" என்றாள் அவள். "அக்கா கேட்டப்போ இல்லைன்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"அது புரிஞ்சுது." அவள் எழுந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவன் தட்டை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் மேடத்தின் அறைக்குப் போனான். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றுகொண்டே சொல்லி முடித்தான். திட்டுவார், கத்துவார், வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தான். மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யார் யாருக்குத் தப்பான பதில் போயிருக்கு?"

"தெரியலை மேடம்."

"லாக் பதிவுல பாத்துச் சொல்லுங்க."

"லாக்ல எல்லாமே வெற்றின்னுதான் மேடம் இருக்கு. அந்த வரி அப்படித்தான் பதிவு பண்ணும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒரு வருஷத்தில் யாரெல்லாம் என்னவெல்லாம் கேட்டிருப்பார்கள், எந்த வழக்கில், எந்தச் சண்டையில், எந்த வீட்டில் அந்தப் பதிலை நம்பி யாரைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்கள் என்று அதுவரை பெட்டகம் யோசித்ததே இல்லை. அக்கா ஒருத்தியோடு முடிந்துவிடும் சமாச்சாரம் என்றே நினைத்திருந்தான். அந்த அறையில் நிற்கும்போதுதான் அது மண்டையில் உறைத்தது.

"அந்த வரியை இப்பவே எடுங்க" என்றார் மேடம். "ஒரு வாடிக்கையாளர் விடாம எல்லாருக்கும் கடிதம் போகணும். எழுதறது நீங்க, கீழ உங்க பேரையும் போடுங்க. அதுக்கப்புறம் உங்களை என்ன பண்றதுன்னு நான் யோசிக்கறேன்."

அவன் தன் இடத்துக்கு வந்து வரியை எடுத்தான். சுவரிலிருந்த திரை சிவந்தது. இத்தனை நாளில் அந்தச் சிவப்பை யாரும் பார்த்ததில்லை என்பதால் ஒவ்வொருவராக நாற்காலியை விட்டு எழுந்தார்கள். "என்ன பெட்டகம், என்ன ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டவர் அக்கறையாகத்தான் கேட்டார். அந்தப் பேர் அவனுக்குச் சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது.

பொதுக்குழு ஆஸ்பத்திரியின் பயிற்சிக் கூடத்தில் நடந்தது. ஓரத்துக் கட்டிலில் பாடம் நடத்தும் பொம்மை ஒன்று கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. டியூட்டி முடித்தவர்களும் டியூட்டிக்குப் போக வேண்டியவர்களும் சீருடையிலேயே வந்திருந்தார்கள். அக்கா மேடையில் இல்லை, முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் நாற்காலி காலி. பெட்டகம் உள்ளே வந்ததும் கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அவன் வருவதாக அவளிடம் சொல்லவில்லை. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருந்தாளுநர் மைக்கைக் கொடுத்தார். பெட்டகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிளாக், நிலவரம், ஓட்டம் என்று தொடங்கினான். பழக்கதோஷம். பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்து, "தம்பி, எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க, டியூட்டிக்குப் போகணும்" என்றார். சிலர் சிரித்தார்கள்.

அவன் மைக்கைக் கீழே இறக்கினான். சுற்றுமுற்றும் பார்த்தான். கட்டிலில் கிடந்த பொம்மையின் தலைமாட்டில் காய்ச்சல் குறிக்கும் ஒரு சார்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு நோயாளிக்குப் போன மாசம் இன்ன தேதியில காய்ச்சல் எவ்வளவு இருந்துச்சுன்னு கேக்கறீங்க" என்றான். "என்கிட்ட அந்தச் சார்ட் இல்லை. இல்லைன்னு சொல்லியிருக்கணும். நான் அதைச் சொல்லாம, இன்னைக்கு இருக்கற காய்ச்சலைப் பார்த்து எழுதி, மேல போன மாசத் தேதியைப் போட்டுக் கொடுத்துட்டேன். அதுதான் முதல்ல உங்களுக்கு வந்த பூஜ்யம். அக்காவோட பழைய கணக்குல இன்னைக்கு ஒண்ணும் இல்லை, புதுப் போனுக்கு மாத்திட்டாங்க. தேர்தல் அன்னைக்கு இருந்துச்சு."

சார்ட் என்றதும் அங்கே இருந்த எல்லாருக்கும் விளங்கிவிட்டது. தேவைக்கு அதிகமாகவே விளங்கிவிட்டது.

"எங்க வார்டுல அப்படி எழுதினா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார் ஒருவர்.

"ஆமா" என்றான் பெட்டகம்.

முதலில் பேசிய அம்மா இன்னும் உட்காரவில்லை. "ஏன் தம்பி, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல அந்த மெஷினுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. அது அப்படித்தான் சொல்லுச்சு. நான்தான் அதோட வாயை அடைச்சேன்." குனிந்துகொள்ளலாம் என்று பார்த்தால் கீழே முதல் வரிசையில் அக்கா. "கண்டுபிடிச்ச அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும். சொல்லாம சத்தமில்லாம திருடன் மாதிரி சரி பண்ணிட்டு, மறுபடி கேக்கச் சொன்னேன். அதனாலதான் உங்களுக்கு ரெண்டு பதில் வந்துச்சு. அக்காவுக்கு இதுல எதுவுமே தெரியாது. அவங்க என்கிட்ட நேராவே கேட்டாங்க, நீ ஏதாவது பண்ணினியான்னு. இல்லைன்னு பொய் சொன்னேன்."

தியேட்டர் நர்ஸ் எழுந்தார். "இப்ப நீங்க சொல்றதை மட்டும் எப்படி நம்பறது? கூடப்பிறந்தவங்களுக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கறவங்க இருக்காங்க."

"என்னை நம்பாதீங்க. எங்க கம்பெனியையும் கேக்காதீங்க" என்றான் அவன். "ஆர்க்கைவ் நோடு வச்சிருக்கற கம்பெனி எத்தனையோ இருக்கு. நீங்களே ஏதாவது ரெண்டு மூணைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்க. அதுல என் கை படவே முடியாது."

மருந்தாளுநர் அங்கேயே லேப்டாப்பை வைத்துக் கேட்டார். தியேட்டர் நர்ஸ் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, இது வேண்டாம், அது வேண்டாம் என்று தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். கேட்ட இடமெல்லாம் ஒன்று என்றே வந்தது. நர்ஸ் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு நியாயமான ஆளாகத்தான் நடந்துகொண்டார். தன் மனுவைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டு, அக்காவுக்குப் பக்கத்துக் காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் தனக்கு ஒரு தட்டும் இல்லை என்று தெரிந்து பெட்டகம் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தான். மாற்றுக் கம்பெனிகளைக் கேட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் பிடித்தது? ஒரு டீ ஆறும் நேரம்கூட இல்லை. வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்த சாயங்காலமே இதைச் செய்திருக்கலாம். தன் நோடைத் தவிர வேறொன்றைக் கேட்க வேண்டும் என்று அவனுக்கு அப்போது தோன்றவே இல்லை.

படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தான். ஆட்கள் அவனைத் தாண்டி இறங்கிப் போனார்கள். சிலர் பார்த்தார்கள், சிலர் பார்க்காத மாதிரி போனார்கள். கடைசியில் அக்கா வந்தாள். சீருடையில் குத்தியிருந்த கடிகாரத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"மன்னிச்சிடுக்கா."

"தேர்தல் அன்னைக்கு நான் எங்க இருந்து ஓட்டுப் போட்டேன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

அவன் யோசித்தான். ஆஸ்பத்திரியிலிருந்துதான் என்று சொல்ல வாயெடுத்தான்.

"உன் வீட்டுல" என்றாள். "சமையலறையில ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். நீ எதிர்ல மேசையில லேப்டாப்பை வச்சு ஏதோ தட்டிக்கிட்டு இருந்தே. எதை அமுக்கணும்னு கேட்டேன். தலையைக்கூடத் தூக்காம, பச்சையா இருக்கறத அமுக்குக்கான்னு சொன்னே. அமுக்கினேன். ஆச்சான்னு கேட்டே. ஆச்சுன்னேன்."

அவள் சொல்லச் சொல்ல எல்லாம் வந்துவிட்டது. மூடாமல் சொட்டிய குழாய். நேராக டியூட்டியிலிருந்து வந்த அவள்மேல் அடித்த மருந்து வாடை. மேசைக்கு அந்தப் பக்கம் எட்டிக் கை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கத்தில் இருந்தாள். அவள் ஓட்டுப் போட்டபோது கூட இருந்த ஒரே ஆள் அவன்தான்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "இதை ஏன்க்கா அன்னைக்கே சொல்லலை?"

"அவங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? தம்பி சாட்சி எடுபடாது. உன்கிட்ட எதுக்குடா சொல்லணும்? நீதான் கூடவே இருந்தியே." கோபமாகச் சொல்லவில்லை. வார்டில் நோயாளியின் வீட்டாருக்கு விஷயத்தைச் சொல்லுகிற குரலில்தான் சொன்னாள். "நீ லேப்டாப்பை மூடினதும் சொல்லுவேன்னு பார்த்தேன். சாப்பிடும்போது சொல்லுவேன்னு பார்த்தேன். செருப்பை மாட்டும்போதாவது சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பரவாயில்லை என்று சொல்லிவிடுவாள் என்று அவனுக்கு நம்பிக்கை இருந்தது. சின்ன வயசிலிருந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"டியூட்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் வார்டுப் பக்கம் நடந்தாள்.